இன்ஜெக்ஷன் பம்ப் ரைமிங்: எஞ்சின் காட்டும் அறிகுறியிலிருந்து பிழையைப் பிடிக்கும் வழி

ஆவணி, புரட்டாதியில் காலபோக உழவு தொடங்கும்போதுதான் வருடம் முழுக்கக் கொட்டிலில் நின்ற லான்ட்மாஸ்ரர்கள் (இரண்டு சில்லுக் கை ரக்ரர்கள்) கராஜ் வாசலுக்கு வரும். கொண்டு வருகிறவர் என்ன கோளாறு என்று சொல்வதில்லை. செய்ய வேண்டிய வேலையைத்தான் சொல்வார்: "அண்ணை, ரைமிங் விலகிப் போச்சு, ஒருக்காப் பாத்து வையுங்கோ." தென்மராட்சி வயல்காரரும் சரி, உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் வெங்காயத்துக்கு இறைக்கிறவரும் சரி, சொல்வது இதையேதான்.

ரைமிங் என்பது, பிஸ்ரன் உச்சிக்கு வரும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பம்ப் டீசலைச் சிலிண்டருக்குள் அடிக்கத் தொடங்கும் கணம். அது தானாக விலகுவது அரிது. யாராவது பம்பைக் கழற்றிப் பூட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டிய நட் தளர்ந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், வருடக்கணக்கில் ஓடிய தேய்மானத்தால் மெல்ல மெல்லப் பிந்தியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத எஞ்சினில் ரைமிங்கைத் தொட்டால், இருந்த ஒரு பிழையோடு இன்னொரு பிழையையும் சேர்த்ததாகிவிடும். அதனால் ஸ்பனரை எடுக்கமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியாக இந்தப் பம்பில் கை வைத்தது யார், எதற்காக?

பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பம்படியால ஒயில் கசிஞ்சது, அதைத்தான் நிப்பாட்டினது" என்பதுதான். பிழையின் ஊற்று அங்கேயே இருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பம்புக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் இருக்கும் மெல்லிய சிம் தகடுகள்தான் ரைமிங்கைத் தீர்மானிக்கின்றன. ஒயில் கசிவை நிறுத்தப்போனவர் ஒரு சிம்மைத் தவறவிட்டாலும், தடித்த கடதாசி ஒன்றை மேலதிகமாகப் போட்டுச் சிலிக்கன் பூசினாலும் ரைமிங் மாறிவிடும்.

இங்கே சொல்வது இரண்டு வகை எஞ்சினுக்கு. ஒன்று, லான்ட்மாஸ்ரரிலும் இறைக்கிற மெசினிலும் இருக்கும் குபோட்டா, யன்மார், சீன எஸ் 195 போன்ற படுத்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். மற்றது, மசி பெர்குசன் 135, 240 ரக்ரர்களில் இருக்கும் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். அதில் இருப்பது சுழலும் வகைச் சீ.ஏ.வி. பம்ப். வான்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

கை வைக்கமுன்

பம்பு இப்போது இருக்கும் இடத்தை அடையாளம் செய்யுங்கள். மசியில் பம்பின் விளிம்பிலும் எஞ்சின் உடம்பிலும் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும். அழுக்கைத் துடைத்தால் தெரியும். தெரியாவிட்டால் கூரான ஊசியால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடாகக் கீறுங்கள். உளியால் வெட்டாதீர்கள், தடித்த வெட்டில் நடு எது என்று பிறகு தெரியாது. ஒற்றைச் சிலிண்டரில் கழற்றிய சிம்களை எண்ணி, ஒரு கம்பியில் கோர்த்துப் பம்போடேயே கட்டி வையுங்கள்.

இன்னொன்றைச் சிறுவர்களுக்கும் உதவிக்கு நிற்பவர்களுக்கும் சொல்லியே ஆகவேண்டும். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நொசிலில் இருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், நோவும் முதலில் பெரிதாக இராது. உள்ளே தசை அழுகத் தொடங்கும். விரலில் அப்படிப் பட்டால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் உடனே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள், "டீசல் உள்ள போட்டுது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ்.

ஸ்ரார்ட் வரவில்லை, புகையும் இல்லை

புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. இது ரைமிங் பிழை அல்ல. பம்பைத் தொடாதீர்கள்.

டாங்கியின் கொக் திறந்திருக்கிறதா, வேக லீவர் ஓடும் பக்கத்தில் இருக்கிறதா, மசியென்றால் ஸ்ரொப் கம்பி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்ரொப் கம்பி துருப்பிடித்துப் பாதியில் நிற்பது கடற்கரைப் பக்க ரக்ரர்களில் அடிக்கடி காண்பது. குமிழ் உள்ளே போயிருக்கும், பம்பிலிருக்கும் சின்ன லீவர் அசைந்திருக்காது. குமிழைப் பார்க்காமல் லீவரைப் பாருங்கள்.

அடுத்தது பில்ரர், அதற்குப் பிறகு எயர். ஒற்றைச் சிலிண்டரில் பம்புக்கு வரும் பைப்பின் போல்ற்றைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விடுங்கள். மசியில் முதலில் பில்ரரின் மேலுள்ள ஸ்குரு, அடுத்துப் பம்பின் பக்கத்திலுள்ளது, அதன்பின் பம்பின் மேல்மூடியில் உள்ளது. ஒவ்வொன்றிலும் லிஃப்ட் பம்பின் (டாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்னப் பம்ப்) கைலீவரை அடித்து எயரை எடுத்து இறுக்கி வாருங்கள். கடைசியாக மூன்று நொசில் பைப் நட்களையும் தளர்த்தி ஸ்ரார்ட்டரால் சுற்றுங்கள். கைலீவர் அடிக்கும்போது எதிர்ப்பே தெரியாவிட்டால் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அடியுங்கள். உள்ளே அதைத் தள்ளும் கம் உயர்ந்த நிலையில் நின்றிருக்கும்.

ஒற்றைச் சிலிண்டருக்கு ஒரு நல்ல பரிசோதனை காதால் செய்வது. கொம்பிரஷன் லீவரை (வால்வைத் திறந்து பிடித்துச் சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிப்பது) தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைச் சுற்றுங்கள். நொசில் ஒவ்வொரு முறையும் "கீர்" என்று நறுக்காகச் சத்தம் போட வேண்டும். சத்தம் இருந்தால் பம்பும் நொசிலும் வேலை செய்கின்றன. சத்தம் இல்லை, பைப்பைக் கழற்றினால் டீசல் நன்றாகத் துள்ளி வருகிறது என்றால், நொசில்தான் சிக்கியிருக்கிறது. பைப்பிலும் வரவில்லை, எயரும் இல்லை என்றால் பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் அல்லது அதன் மேலுள்ள வால்வு போயிருக்கிறது. இந்த இடத்தில் பம்ப் திருத்துபவரிடம் போங்கள்.

ஸ்ரார்ட் வரவில்லை, வெள்ளைப் புகை மட்டும் வருகிறது

டீசல் போகிறது, எரியவில்லை. ரைமிங் பிந்தியிருக்கக்கூடிய முதல் அறிகுறி இதுதான். ஆனால் இதே புகையைத் தரும் மலிவான காரணங்கள் பல இருக்கின்றன. குளிர் நாட்டில் எழுதிய கைந்நூல்கள் குளிரைத்தான் முதல் காரணமாகச் சொல்லும். எங்கள் ஊரில் மார்கழிப் பனியிலும் ஒரு நல்ல டீசல் எஞ்சின் ஸ்ரார்ட் வராமல் இருக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே இங்கே வெள்ளைப் புகைக்குக் கட்டாயம் வேறு காரணம் இருக்கிறது.

டீசலில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். 2022இல் வரிசையில் நின்று எடுத்த டீசலைக் கானிலும் பரலிலும் சேர்த்து வைக்கும் பழக்கம் பலரிடம் இன்னும் இருக்கிறது. பாதி வெறுமையான பரலில் இரவில் ஈரம் படிந்து அடியில் தண்ணீர் தங்கும், நாளடைவில் கறுப்புச் சளி போலவும் ஒன்று வளரும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணித்தியாலம் வைத்தால் தண்ணீர் கீழே பிரியும்.

பிறகு கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது. கொம்பிரஷன் லீவரை விட்டுவிட்டுப் பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் உறுதியாகத் தடுத்து, விட்டால் திரும்பித் துள்ள வேண்டும். துள்ளாமல் "புஸ்" என்று தளர்ந்தால், காதை வைத்துக் கேளுங்கள். எயர் பில்ரர் பக்கம் சத்தமென்றால் உள்ளெடுக்கும் வால்வு; சைலன்சர் பக்கமென்றால் வெளிவிடும் வால்வு; ஒயில் ஊற்றும் வாயிலென்றால் ரிங். நெடுநாள் நின்ற எஞ்சினில் ரிங் காய்ந்திருக்கும். எயர் வரும் வழியில் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுச் சுற்றிப் பாருங்கள். அதோடு ஸ்ரார்ட் வந்தால் ரைமிங்கை மறந்துவிடலாம்.

ரப்பெற் (வால்வைத் தள்ளும் உறுப்பு) இடைவெளியையும் பாருங்கள். மசியின் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டருக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீற்றர், சூட்டில் 0.25. இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது.

இத்தனையும் சரி, ஆனாலும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வருகிறது, பம்பையும் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்றால் கீழே ரைமிங் பார்க்கும் பகுதிக்குப் போங்கள்.

எஞ்சின் ஓடும்போதும் வெள்ளையாக வந்தால் முகர்ந்து பாருங்கள். டீசல் மணம், கண் எரிச்சல் என்றால் ரைமிங் அல்லது நொசில். மணமில்லாமல் சிறிது தூரத்தில் கரைந்துபோனால் அது நீராவி. றேடியேற்றர் மூடியைக் குளிர்ந்தபின் திறந்து, ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் ஹெட் காஸ்கற் போயிருக்கிறது. அது மெக்கானிக்கின் வேலை.

ஹாண்டில் திருப்பி அடிக்கிறது, அல்லது சுத்தியலால் அடிப்பது போல் சத்தம்

இதைத்தான் நான் மிகவும் பயந்து பார்ப்பது. ரைமிங் முந்தியிருந்தால், பிஸ்ரன் மேலே ஏறி முடிக்கமுன்பே டீசல் பற்றி அதைப் பின்னுக்குத் தள்ளும். ஹாண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டை முறிக்கும். ஒருமுறை திருப்பி அடித்த எஞ்சினை, "இன்னொருக்காச் சுத்திப் பாப்பம்" என்று சுற்ற வேண்டாம்.

மெதுவாகச் சுற்றிப் பாதியில் கை தளர்ந்தாலும் திருப்பி அடிக்கும். அது எஞ்சினின் பிழை அல்ல. நல்ல வேகம் எடுத்தபின் கொம்பிரஷன் லீவரை விடவேண்டும், ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்க வேண்டும். எயர் வாயில் பெற்றோல் சீலை காட்டி ஸ்ரார்ட் எடுக்கும் பழக்கமும் இதே அடியைத் தரும். அதை நிறுத்துங்கள்.

ஓடும்போது மட்டும் சத்தம் என்றால், நொசில் பைப்பின் நட்டைச் சீலையால் சுற்றிக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, மெதுவாக ஓடும் வேகத்தில் சற்றுத் தளர்த்துங்கள். மசியில் மூன்றையும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

ஒன்றைத் தளர்த்தியதும் சத்தம் நின்றால், அந்த ஒரு நொசில்தான் ஒழுகுகிறது அல்லது சிக்குகிறது. நொசிலைக் கழற்றிச் சோதிப்பது மலிவு. மூன்றிலும் சத்தம் ஒரேமாதிரி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைகிறது என்றால் ரைமிங் முந்தியிருக்கிறது. எதைத் தளர்த்தினாலும் சத்தம் அப்படியே இருந்தால் அது எரிவதால் வரும் சத்தமே இல்லை. பெயரிங், பிஸ்ரன் பின் போன்ற உள்ளுறுப்பு. எஞ்சினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தச் சத்தத்தோடு இன்னும் அரை ஏக்கர் உழுதால் கிராங்கும் போகும்.

ஓடுகிறது, இழுவை இல்லை, சூடும் ஏறுகிறது

பிந்திய ரைமிங்கும் இதைச் செய்யும். பிந்தி எரியும் டீசல் பிஸ்ரனைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சைலன்சரைச் சூடாக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் சூட்டுக்கு முதல் காரணம் தண்ணீர். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. அந்தத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஓட்டினால் கேத்திலின் அடியில் படிவதுபோலச் சிலிண்டரைச் சுற்றி வெள்ளை ஓடு படியும். அந்த ஓடு இருக்கும்வரை என்ன ரைமிங் வைத்தாலும் சூடு குறையாது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கான்களில் வைத்திருந்து எஞ்சினுக்கு அதையே ஊற்றுங்கள். ரக்ரருக்குத் துரு தடுக்கும் கூலன்ற்றும் சேர வேண்டும்.

இதைப் பார்த்தபின் பான் பெல்ற், எயர் பில்ரரின் ஒயில் கிண்ணம், டீசல் பில்ரர், சைலன்சருக்குள் அடைத்த கரி. செம்மண் தூசியில் ஓடும் எஞ்சினின் ஒயில் கிண்ணம் சில நாளிலேயே சேறாகும்.

எல்லாம் சரியாக இருந்து, எஞ்சின் சத்தம் வழமையைவிட மென்மையாக, "பொம் பொம்" என்று மந்தமாக இருந்தால் ரைமிங் பிந்தியிருக்கிறது. மென்மையாக ஓடுவதால் நல்ல எஞ்சின் என்று பலர் நினைப்பார்கள். டீசல் எஞ்சினுக்கு ஒரு கறாரான தட்டல் சத்தம் இருக்கத்தான் வேண்டும்.

கறுப்புப் புகை

சுமை கூடியபோது மட்டும் கொஞ்சம் வந்தால் கலப்பையை ஆழம் குறைத்துப் பிடியுங்கள். எப்போதும் வந்தால் எயர் பில்ரரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், தூசி இல்லாத இடத்தில். புகை குறைந்தால் காரணம் அதுதான். குறையாவிட்டால் நொசில். அதுவும் நல்லதென்றால், பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஸ்குருவின் முத்திரை உடைந்திருக்கிறதா பாருங்கள். இழுவை போதாது என்று அதைத் திருகியவர்கள் பலர். அந்த அளவைத் திரும்பச் சரிசெய்ய பம்ப் திருத்துபவரின் சோதனை மேசை வேண்டும். கண்ணால் முடியாது.

ஏறி இறங்கி ஓடுகிறது

எயர்தான், அநேகமாக எப்போதும். பழைய செப்பு வாசரைத் திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது றப்பர் பைப் வெடித்திருக்கும். பில்ரருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு துண்டு வெள்ளை ரியூப் போட்டு ஓட்டினால் குமிழி கண்ணுக்குத் தெரியும். குமிழி இல்லாமலும் ஏறி இறங்கினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்.

காலையில் உடனே ஸ்ரார்ட், சூட்டில் நிறுத்தினால் திரும்ப வராது

மசியில் இந்த அறிகுறியோடு வருபவர்களுக்கு ரைமிங்கை முந்த வைத்துக் கொடுப்பது ஒரு தவறான வழக்கம். சில நாள் ஓடும், பிறகு சத்தமும் சேர்ந்துவிடும். உண்மையில் நடந்திருப்பது, பம்பின் சுழலும் பகுதி தேய்ந்துவிட்டது. டீசல் சூடாகி மெலிந்ததும் அந்தத் தேய்வால் கசிந்து நொசிலுக்கு அழுத்தம் போதாமல் போகிறது. பரிசோதனை எளிது: ஸ்ரார்ட் வராமல் நிற்கும்போது ஈரச் சீலையைப் பம்பின் மேல் போட்டு, மெதுவாகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். அதன்பின் ஸ்ரார்ட் வந்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது, சந்தேகமில்லை.

மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய பம்புகள் விரைவில் இந்த நிலைக்கு வரும். பம்பின் உள்ளே வேறு ஒயில் இல்லை, டீசலே அதன் ஒயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தது வேறு. இப்போது விலை வித்தியாசத்துக்காகச் செய்தால் பம்புக்குக் கொடுக்க வேண்டியது அதைவிடப் பன்மடங்கு.

ஒற்றைச் சிலிண்டரில் ரைமிங் பார்ப்பது

டாங்கி நிரம்பியிருக்கட்டும், எயர் எடுத்திருக்கட்டும். வேக லீவரை ஓடும் நிலையில் வையுங்கள். நிறுத்தும் நிலையில் இருந்தால் பிளஞ்சர் ஏறினாலும் டீசல் வராது, பலர் இங்கேதான் குழம்புவார்கள். நொசில் பக்கத்தில் இரும்புப் பைப்பைக் கழற்றி, வாய் மேலே பார்க்கும்படி திருப்பிப் பம்பில் இறுக்குங்கள். கொம்பிரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, பைப் வாயில் டீசல் நிரம்பும்வரை சுற்றுங்கள். வாயை விரலால் துடைத்து மட்டமாக்குங்கள்.

இப்போது பிளைவீலை ஓடும் திசையில் மிக மெதுவாக நகர்த்துங்கள். ஒருவர் நகர்த்த, மற்றவர் பைப் வாயிலுள்ள டீசலின் மேற்பரப்பை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அது பளிச்சென்று முதல் அசைவு காட்டும் அந்தக் கணத்திலேயே நிறுத்துங்கள். துளி வழியும்வரை பொறுத்தால் பிந்திவிட்டீர்கள். தாண்டிப்போனால் அந்த இடத்திலிருந்து பின்னுக்கு இழுத்துச் சரிபார்க்காதீர்கள். கியர்ப் பல்லுகளின் இடைவெளி உங்களை ஏமாற்றும். கால் சுற்றுப் பின்னே போய், திரும்ப முன்னோக்கி வாருங்கள். மூன்று முறை ஒரே இடம் வந்தால்தான் நம்புங்கள்.

நின்ற இடத்தில் பிளைவீலைப் பாருங்கள். குபோட்டாவில் பிஸ்ரன் உச்சிக்கு ஆங்கில "ரி" எழுத்தும், டீசல் தொடங்கும் இடத்துக்கு "எஃப்.ஐ." என்பதும் இருக்கும். அந்த இரண்டாவது மார்க் சுட்டுமுனைக்கு நேரே வர வேண்டும். எஸ் 195க்கு உச்சிக்கு முன் 16 முதல் 20 பாகை. மார்க் தெளிவில்லாவிட்டால் பிளைவீலைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்து 360ஆல் வகுங்கள். சுற்றளவு 1260 மில்லிமீற்றர் என்றால் ஒரு பாகைக்கு 3.5 மில்லிமீற்றர். உச்சி மார்க்கிலிருந்து அளந்து சோக்கால் கோடு போடலாம்.

ஒரு எச்சரிக்கை: சுட்டுமுனை றேடியேற்றரிலோ தண்ணீர்த் தொட்டியிலோ இருக்கும் எஞ்சினில், அதை வேறொரு எஞ்சினிலிருந்து கழற்றிப் போட்டிருந்தால் சுட்டுமுனை சொல்வதை நம்ப முடியாது. உச்சியைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மார்க் வரமுன்பே டீசல் அசைந்தால் முந்தியிருக்கிறது, சிம் கூட்டுங்கள். மார்க் கடந்தபின் அசைந்தால் பிந்தியிருக்கிறது, சிம் குறையுங்கள். 0.1 மில்லிமீற்றர் சிம் ஏறத்தாழ ஒரு பாகை அல்லது சற்றுக் கூட மாற்றும். கணக்கை நம்பி விடாமல் ஒவ்வொரு முறையும் திரும்பப் பாருங்கள். எல்லாச் சிம்மையும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தும் மார்க்குக்கு வரவில்லையென்றால் தேய்ந்தது பம்பைத் தள்ளும் ரோலரோ கம்மோதான்.

சிம் கடையில் கிடைக்காவிட்டால் பால்மாப் பேணித் தகரத்தில் வெட்டிப் போடுவது இங்கே வழக்கம். தகரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது விளிம்பு மடிந்து நிற்கும், பம்ப் ஒரு பக்கம் சரியும், ஒயிலும் கசியும். வெட்ட வேண்டி வந்தால் விளிம்பை அரத்தால் தட்டையாக்கி, தடிப்பை மைக்ரோமீற்றரால் அளந்து போடுங்கள்.

பம்ப் பூட்டியதும் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது

இதைத் தனித் தலைப்பாக வைக்கக் காரணம், நினைத்துப் பார்க்க நேரம் கிடைக்காது. ஒற்றைச் சிலிண்டர்ப் பம்பின் றாக்கில் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) ஒரு சின்ன முனை இருக்கிறது. பம்பை உள்ளே தள்ளும்போது அது கவர்னர் கவட்டைக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் கவர்னருக்குப் பம்பில் பிடியே இல்லை. எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போய்ப் பிளைவீல் சிதறக்கூடும்.

பூட்டியபின் ஸ்ரார்ட் எடுக்கமுன், பக்க மூடியின் வழியாக வேக லீவரை அசைத்து றாக்கும் கூடவே அசைகிறதா என்று கண்ணால் பாருங்கள். தடித்த பலகைத் துண்டு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். வேகம் பிடிபடாவிட்டால் அந்தப் பலகையால் எயர் வாயை அடையுங்கள். கையால் அல்ல, மெல்லிய சீலையாலும் அல்ல. சீலையை உள்ளே இழுத்துவிடும். பிளைவீலுக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது.

மசியில் ரைமிங் திருத்துவது

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: பம்ப் விளிம்பின் கோட்டை எஞ்சின் உடம்பின் கோட்டுக்கு நேரே கொண்டுவருவது. கோடு விலகியிருந்தால், பம்பைப் பிடித்திருக்கும் மூன்று நட்களில் ஒன்று தளர்ந்திருந்ததா என்று பாருங்கள்.

எஞ்சினை நிறுத்துங்கள். நொசில் பைப் நட்களைப் பம்ப் பக்கத்தில் தளர்த்துங்கள். அவை இறுகியிருக்கப் பம்பைத் திருப்பினால் பைப் முறுகி, பிறகு ஒருநாள் வயலுக்குள் வெடிக்கும். மூன்று நட்களையும் தளர்த்திப் பம்பை மெல்லத் திருப்புங்கள். பம்பின் அச்சு சுற்றும் திசைக்கு எதிராக உடம்பைத் திருப்பினால் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். பம்ப் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பம்பில் ஒரு பாகை கிராங்கில் இரண்டு பாகை. நடுவிலிருந்து 50 மில்லிமீற்றர் தள்ளியுள்ள கோட்டில் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவான அசைவே அந்த இரண்டு பாகை. ஆகவே கோட்டின் அகலத்துக்கும் கணக்கு உண்டு. நட்களைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, ஓடும் எஞ்சினில் சத்தத்தைக் கேட்டபடி பம்பைத் திருப்புவது சிலரின் வழக்கம். அப்படிச் செய்யவே வேண்டாம்.

பம்பை முழுதாக வெளியே எடுத்திருந்தால், அது வெளியே இருக்கும்வரை எஞ்சினைச் சுற்றக்கூடாது. அச்சு ஒரே ஒரு நிலையில்தான் ஏறும்படி செய்யப்பட்டது. ஏறாவிட்டால் நட்டால் இழுத்து ஏற்றாமல் அச்சைத் திருப்பிப் பாருங்கள். கோடு நேராக இருந்தும் சத்தம் அல்லது வெள்ளைப் புகை நிற்கவில்லை, அல்லது பம்போ ரைமிங் கியர் மூடியோ வேறு எஞ்சினிலிருந்து வந்தது என்றால், கோட்டுக்கு இனிப் பெறுமதி இல்லை. உரிய கருவியுள்ள பம்ப் திருத்துபவர் வர வேண்டும். பம்பின் பக்கத்திலுள்ள முத்திரையிட்ட சின்ன மூடியை நீங்கள் திறக்காதீர்கள்.

வான்கள்

டொல்பின் போன்ற பழைய ரொயோட்டா டீசல் வான்களில் பம்ப் ரைமிங் பெல்ற்றால் ஓடுகிறது. ரைமிங்குக்குரிய அளவு பம்பின் பின்னால் டயல் கேஜ் பூட்டி அளப்பது. பெல்ற் 100,000 கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டியது, டாஷ்போர்ட்டில் விளக்கும் எரியும். ஒரு பல் பாய்ந்த பெல்ற்றோடு சுற்றினால் வால்வு பிஸ்ரனில் முட்டக்கூடும். ஸ்ரார்ட்டரை அடிக்காமல் இழுத்துக்கொண்டு போங்கள். புதிய கொமன் றெயில் எஞ்சினில் கையால் வைக்கும் டீசல் ரைமிங் என்று ஒன்றில்லை. ஓடும்போது அதன் பைப்பைத் தளர்த்தினால் மேலே சொன்ன தோல் துளைக்கும் ஆபத்துப் பன்மடங்கு.

பம்ப் திருத்துபவரிடம் கொண்டுபோகும்போது

பம்பின் தகட்டிலுள்ள இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள், எஞ்சின் மாதிரியையும். ஒற்றைச் சிலிண்டரென்றால் சிம்களைக் கூடவே கொண்டுபோங்கள். எந்த நிலையில் என்ன புகை, எத்தனை மணிநேரம் ஓடியபின் தொடங்கியது, கடைசியாக எதைக் கழற்றியது, என்ன எண்ணெய் ஊற்றியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நொசில்களையும் கழற்றிக் கொடுங்கள், பம்பும் நொசிலும் ஒரே மேசையில் சோதிக்கப்பட வேண்டியவை. கழற்றிய ஒவ்வொரு பைப் வாயையும் பொலித்தீன் துண்டு சுற்றி றப்பர் பாண்ட் போட்டு மூடுங்கள். உள்ளே போகும் ஒரு மண்துகள் புதுப் பிளஞ்சரை முதல் நாளிலேயே கீறிவிடும்.